நீ தூங்கினாயா என்று கேட்ட டொக்டர் நோனா

1

போன புதன்கிழமை பஸ் ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்தால், கதவடியில் ஒரு வெள்ளை உறை கிடந்தது. இந்த நாட்டில் வெள்ளை உறை வந்தாலே எனக்குப் பயம்தான். இருபத்திரண்டு வருஷமாகியும் அந்தப் பயம் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடியே பிரித்துப் பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை. என் மகன் நிரோஷன் இரண்டு தடவை படுத்திருந்த மனநல ஆஸ்பத்திரியிலிருந்து, குடும்பத்தாரின் அபிப்பிராயம் கேட்டு அனுப்பிய படிவம்.

விஷயம் இதுதான். இங்கே இப்போது வாட்டுக்குள் ஒரு டொக்டர், வெளியே வேறொரு டொக்டர். ஆள் உள்ளே போனதும் வெளி டொக்டரின் பொறுப்பு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் உள் டொக்டரின் பொறுப்பு முடிந்துவிடும். இதை மாற்றி, உள்ளேயும் வெளியேயும் ஒரே டொக்டர் பார்க்கிற மாதிரிச் செய்யலாமா என்று யோசிக்கிறார்களாம். இரண்டில் எது உங்களுக்கு உகந்தது, ஒரு பெட்டியில் சரி போடுங்கள், காரணத்தை அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அரைப் பக்கம்! எனக்கு என் தம்பி லிங்கத்தின் பெயரையும் என் மகனின் பெயரையும் எழுதி, நடுவில் ஒரு பெருமூச்சு விடவே அரைப் பக்கம் போய்விடும். அதோடு, என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லால் மகனைப் பறிகொடுக்கப் பார்த்தவன் நான். அதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் பக்கத்தை எண்ண மாட்டீர்கள்.

2

இங்கே தமிழர்களைக் கண்டால் முதல் கேள்வி, எந்த ஊர் என்பதுதான். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம் என்பேன். அது எங்கே இருக்கு, நுவரெலியாப் பக்கமா என்பார்கள். இல்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். மலையகம் என்றால் குளிரும் தேயிலையும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு, மழையும் அட்டையும் ரப்பர்ப் பால் வாடையுமாக ஒரு மலையகம் இருப்பதைச் சொல்லிப் புரிய வைத்துக் களைத்துவிட்டேன். அந்த வாடையைச் சகிக்க முடியாது என்பார்கள். எனக்கு இப்போது அதை ஒரு போத்தலில் அடைத்து யாராவது அனுப்பினால் போதும் என்றிருக்கிறது.

தம்பி லிங்கத்துக்கு அப்போது இருபத்து நாலு வயது. எங்கள் டிவிஷனில் அவனைப் போலச் சுத்தமாகப் பால் வெட்டுகிறவன் கிடையாது என்று கணக்கப்பிள்ளையே சொல்வார். ஒரு மழைக்காலத்தில்தான் பிசகியது. மழை நாளில் பால் வெட்டு இல்லை, யாரும் மலைக்குப் போக மாட்டார்கள். இவன் மட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போவான். மரங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகின்றன என்பான். ஒருநாள் ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி, ஆள் உயரத்துக்குப் பட்டை முழுவதையும் உரித்து வைத்திருந்தான். அம்மா கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி.

அந்த வாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில்களை விட ஆட்கள் எப்போதும் கூட. லிங்கத்துக்கு இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு மெத்தை, அதன் பக்கத்தில் எனக்கு ஒரு பாய். ஆம், எனக்கும்தான். எங்கள் பக்கத்தில் ஒருவரை வாட்டில் சேர்த்தால், வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும். நான் அப்போது பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் நானே நின்றேன். முதலாளி ஹாஜியார் லீவு கொடுத்ததுமல்லாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் கடைப் பையனிடம் சோற்றுப் பார்சலும் கொடுத்து விடுவார்.

படுக்கும்போது நான் இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்தின் நுனியை லிங்கத்தின் கால் பெருவிரலில் முடிந்துகொள்வேன். அவன் எழுந்தால் எனக்குத் தெரிய வேண்டுமே. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நேர்ஸ் ஒருவர் அதைக் கண்டுவிட்டு, இது என்ன மாடா கட்டி வைக்க என்று ஏசினார். அடுத்த நாள் அவரே, முடிச்சை இறுக்கிப் போடாதே, கால் மரத்துப் போகும் என்றார்.

அங்கே வந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். எங்கள் ஆட்களுக்கு அவர் டொக்டர் நோனா, அதாவது டொக்டர் அம்மா. முதல் நாள் காலையில் என்னிடம், தம்பி எப்படி என்று கேட்டார். "ஹொந்தய் நோனா" என்றேன், நன்றாக இருக்கிறான் என்று. அவன் அந்நேரம் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். இரண்டாம் நாளும் கேட்டார். இரண்டாம் நாளும் ஹொந்தய். மூன்றாம் நாள் அவர் லிங்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஒயா நிதாகத்தத?"

நீ தூங்கினாயா? அந்தக் கேள்விக்கு என்னிடம் பொய் தயாராக இல்லை. "இல்ல நோனா, கண்ணே மூடல" என்றேன். அன்றைக்கே மருந்தை மாற்றினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த ஒரு கேள்விதான். நான் இரண்டு மணித்தியாலம் என்றால் ஒரு மாதிரி எழுதுவார், நாலு மணித்தியாலம் என்றால் வேறு மாதிரி எழுதுவார். ஒருநாள் நான் ஆறு மணித்தியாலம் தூங்கினேன் என்றபோது, அவர் லிங்கத்தின் தோளில் தட்டி, "மல்லி, அண்ணன் தூங்கிட்டார்" என்று, தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

3

நான் ஏன் ஹொந்தய் என்றேன்? இதைத் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு விளக்குவது கஷ்டம்.

எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற ஐயா ஒருவர் இருந்தார். போய் முன்னால் நின்றால் முதலில் ஏசுவார், பிறகுதான் மருந்து. இரண்டாம் முறை போனால், என் மருந்தில் குணமாகவில்லையா என்று கேட்பார். குணமாகவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு? பக்கத்து லயத்து வீட்டு மாரிமுத்து அண்ணன் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டு போனபோது, இப்ப எப்படிடா என்று அவர் கேட்க, "பரவால்லைங்க ஐயா, மத்த கை நல்லாத்தானே இருக்கு" என்றாராம். இதைச் சொல்லி நாங்கள் வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறோம். ஆனால் அதே பதிலைத்தான் நாங்கள் எல்லோரும், துரையிடமும் டொக்டரிடமும் பள்ளிக்கூட அதிபரிடமும், வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தோம். நல்லா இருக்குங்க. பரவாயில்லைங்க. பெரியவர்கள் கேட்பதே பெரிய காரியம், அவர்கள் மனம் நோகக் கூடாது.

நோனா இதைக் கண்டுபிடித்தவர். லிங்கத்தை வீட்டுக்கு அனுப்பிய அன்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார்: "உங்கள் தோட்டத்து ஆட்களிடம் நோயாளியைப் பற்றிக் கேட்டால் உண்மை வராது. துணைக்கு நிற்பவனிடம் அவனைப் பற்றியே கேட்டால்தான் வரும்."

அதன் பிறகு மாதம் ஒருமுறை கிளினிக். அங்கேயும் அவரேதான். நீண்ட வரிசை, ஆளுக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அந்த மூன்று நிமிஷத்தில் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. லிங்கத்துக்குக் கத்தி கொடுக்க வேண்டாம், ஸ்டோரில் வேலை கொடுங்கள் என்று தோட்டத்துக்குக் கடிதம் எழுதியதும் அவர்தான். அவன் ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கூடத்தில் போய்ச் சேர்ந்தான்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் நோனாவுக்கு வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவருக்கு லிங்கம் யாரென்றே தெரியாது. அவர், தம்பி எப்படி என்று கேட்டார். அம்மா, "நல்லா இருக்கானுங்க" என்றார். அந்த வருஷம் லிங்கம் மறுபடியும் வாட்டுக்குப் போனான். ஒரே டொக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் உள்ள ஆபத்து இது. அவர் போனால் எல்லாம் போய்விடும். படிவத்தில் இதையும் எழுத வேண்டும்.

4

நிரோஷன் கைக்குழந்தையாக இங்கே வந்தவன். தமிழ் கேட்டால் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். பத்து வயது வரை என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வருவதுதான் அவனுக்குத் திருவிழா. பதினைந்தில் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்றார்கள். இருபத்தொன்றில், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நாள் பொலிஸ் வாகனத்தில் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள்.

இங்கே உள்ள வாட்டைப் பார்த்து நான் முதலில் வாயைப் பிளந்தேன். தனி அறை, தனிக் குளியலறை, ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. அவனுடைய உரிமைகள் என்னென்ன என்று எழுதிய தாள் ஒன்றை அவன் கையில் கொடுத்தார்கள். யாரும் ஏசவில்லை. லிங்கத்தின் மெத்தையை நினைத்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மனைவி பத்மா, "இது ஆஸ்பத்திரியா ஹோட்டலாங்க" என்று காதோடு கேட்டாள்.

பிறகுதான் மற்றது விளங்கியது. துணைக்கு ஆள் நிற்க முடியாது. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பார்க்கலாம், அவ்வளவுதான். நான் முதல் நாள் பாயும் தலையணையுமாகப் போய் நின்றேன். வாசலில் இருந்த பெண் அன்பாக, மிக அன்பாக, என்னைத் திருப்பி அனுப்பினார். பிள்ளையின் நிலைமையைக் கேட்டால், அவன் வயது வந்தவன், அவன் சம்மதித்தால்தான் சொல்லலாம் என்றார்கள். காரில் பாயை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்து, தூங்குகிறான் என்று எழுதிக்கொள்வார்களாம். அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தால் அது தூக்கம். சாரத்தின் நுனி அப்படி ஏமாறாது.

மூன்று கிழமையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வாட்டு டொக்டர், நேர்ஸ், இன்னும் இரண்டு பேர். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றார்கள். இல்லை என்றேன். லிங்கத்தின் விஷயத்தை எங்கள் தங்கச்சியின் கல்யாணத்துக்காக ஒருகாலத்தில் மறைக்கத் தொடங்கி, மறைப்பதே பழகிவிட்டது. நிரோஷனுக்கும் தெரியாது. அவனுக்கு லிங்கம் சித்தப்பா என்றால், வீடியோவில் வந்து பகிடி விடுகிற ஆள்.

அடுத்து டொக்டர் கேட்டார். மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று நினைக்கிறீர்கள்?

எனக்குத் தெரியும், அவன் சரியில்லை. என் கண்ணைப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது கரண்டியை ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்தான். ஆனால் இவ்வளவு சுத்தமான அறை கொடுத்து, இவ்வளவு மரியாதையாகப் பேசிய மனிதர்களிடம் குணமாகவில்லை என்று எப்படிச் சொல்வது? "ரொம்ப நல்லா இருக்கான் டொக்டர், நன்றி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அவர் மீது பிழை சொல்ல மாட்டேன். அவருக்கு என்னை மூன்று கிழமையாகத்தான் தெரியும்.

என் சொல்லை நம்பி அவனை வீட்டுக்கு விட்டார்கள்; வந்த பிறகு அந்த டொக்டர் இல்லை. வெளியிலிருந்து வேறொரு பெண் வந்தார், கதையை முதலிலிருந்து கேட்டார். அவரிடமும் நல்லா இருக்கான் என்றேன். ஒன்பதாம் நாள், நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள பாலத்தில், கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற என் மகனை ஒரு லொறிக்காரர் கண்டு, வண்டியை நிறுத்தி, பேச்சுக் கொடுத்துக் கொடுத்துக் கையைப் பிடித்துவிட்டார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. தினமும் அந்தப் பாலத்தின் கீழாகத்தான் பஸ் ஓட்டுகிறேன்.

5

இரண்டாம் தடவை அதே ஆஸ்பத்திரி, வேறு வாட்டு, வேறு டொக்டர். இளம் ஆள். மறுபடியும் கதை முதலிலிருந்து. இரண்டு மாதத்துக்குப் பிறகு, சனி ஞாயிறு வீட்டுக்கு விட்டுப் பார்க்கிறோம், முழுதாக அனுப்புவதா என்று அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார்கள். நிரோஷனுக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "அப்பா, இந்த முறையும் அப்படியே சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டான். கெஞ்சினான் என்றே சொல்லலாம்.

வியாழக்கிழமை. டொக்டர் என்னைப் பார்த்தார். வீட்டில் எப்படி இருந்தான்? பக்கத்தில் மகன், எதிரே நாலு பேர். நல்லா இருந்தான் என்கிற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக நாங்கள் சொல்லிப் பழகிய சொல், தானாகவே வரும். அதை விழுங்கினேன்.

"நான் தூங்கல டொக்டர்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. உங்களைக் கேட்கவில்லை, மகனைக் கேட்டேன் என்றார். தெரியும், என்றேன். இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், மேலே அவன் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நோனாவைச் சொன்னேன், பாயைச் சொன்னேன், சாரத்தின் முடிச்சைச் சொன்னேன். அதைச் சொல்ல, லிங்கத்தையும் சொல்ல வேண்டி வந்தது.

நிரோஷன் திரும்பி என்னைப் பார்த்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக என் கண்ணைப் பார்த்தான்.

"சித்தப்பாவா?"

"ஆமாப்பா. ஒங்கிட்ட முன்னமே சொல்லியிருக்கணும்."

அவன் கோபப்படுவான், எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவனோ தமிழில், பிழையில்லாத தமிழில் சொன்னான்.

"நானும் தூங்கலப்பா. இங்கயும் தூங்கல. கண்ண மூடிட்டு இருந்தேன்."

அவன் என்ன சொன்னான் என்று டொக்டர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். குரல் உடைந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பவில்லை. மருந்தை மாற்றினார்கள். இன்னும் ஐந்து கிழமை இருந்தான்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு அழைத்தேன். லிங்கம் ஸ்டோர் வேலை முடித்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். ஐம்பதை எட்டப் போகிறான், இன்னும் மாதம் தவறாமல் கிளினிக் போய் வருகிறான். ரகசியத்தை உடைத்துவிட்டேனே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அதுக்கு ஏண்ணே இப்புடி இழுக்கிறீங்க" என்றான். "தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒங்க மகனுக்குத்தான் தெரியாம வச்சிருந்தீங்க. போனை அவன்கிட்ட குடுங்க, நா பேசுறேன்."

அடுத்த பார்வையாளர் நேரத்தில் வாட்டில் வைத்துப் போனைக் கொடுத்தேன். லிங்கத்தின் தமிழ் பாதி நிரோஷனுக்கு விளங்காது, அதனால் ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் நான். லிங்கம் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"மகன், நோனா வந்து ஒங்க அப்பாவத்தான் கேக்கும், நிதாகத்ததன்னு. அவரு இல்லன்னு சொல்றப்ப எனக்கு வெக்கமா இருக்கும். என்னாலதானே இந்த மனுசன் தரையில கெடக்காருன்னு. அதுக்காவே அசையாமப் படுத்துக் கெடப்பேன், சாரம் இழுபடக் கூடாதுன்னு. அப்படிக் கெடந்து கெடந்து ஒருநா நெசமாவே தூங்கிட்டேன்."

இத்தனை வருஷமும், முடிச்சைப் பிடித்துக்கொண்டு அவனை நான் பார்த்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். மறுமுனையை அவன் பிடித்திருக்கிறான். நிரோஷனுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். "விளங்கிச்சுப்பா" என்று கையை அமர்த்தினான்.

7

படிவத்தில் இரண்டாவது பெட்டியில் சரி போட்டுவிட்டேன். ஒரே டொக்டர். அவர் மாறிப் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள் என்று கீழே எழுதினேன். தனி அறையை எடுத்துவிட வேண்டாம், ஏசாமல் பேசுவதை விட்டுவிட வேண்டாம் என்றும் எழுதினேன். ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்குமா என்று எழுதி, பிறகு வெட்டிவிட்டு, பிறகு மறுபடியும் எழுதினேன். அரைப் பக்கம் முடிந்துவிட்டது.

நேற்று வெளி டொக்டரோடு முதல் சந்திப்பு. நிரோஷன் வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை. இவர் இன்னொரு புது ஆள், நடுத்தர வயதுப் பெண். கணினியில் எதையோ படித்துவிட்டு, வழக்கம் போல என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மகன் இப்போது எப்படி இருக்கிறான்?

நான் வாயைத் திறப்பதற்குள் நிரோஷன் குறுக்கிட்டான்.

"அப்படிக் கேட்காதீர்கள். நல்லா இருக்கிறேன் என்றுதான் சொல்வார், அவர்கள் ஊர்ப் பழக்கம் அது. அவர் தூங்கினாரா என்று கேளுங்கள்."

உள்ளே இருந்த டொக்டருக்கும் வெளியே இருக்கிற டொக்டருக்கும் நடுவில் என் மகனே அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வந்திருந்தான். அந்தப் பெண் அவனை ஒரு தரம் பார்த்தார், கணினியிலிருந்து கையை எடுத்தார், நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நேற்றுத் தூங்கினீர்களா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாத கேள்வி.

"அஞ்சு மணித்தியாலம், டொக்டர்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார்.